காட்டுக்கு நாமே தீ வைப்பதா? கலிஃபோர்னியாவின் தன்னார்வ எரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கலிஃபோர்னியாவில் எங்கள் கவுன்டியின் எரிப்புச் சங்கத்தில், அதாவது பெரிய காட்டுத்தீயைக் குறைக்கத் திட்டமிட்டுச் சிறு தீ வைக்கும் உள்ளூர்க் குழுவில், நான் ஒரு தன்னார்வலர். மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக ஒரு படம் வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டால் போதும், பிறந்தநாள் விருந்து, தமிழ்ப் பள்ளி வாசல், கோயில் வரிசை என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். சட்ட விவரங்கள் கலிஃபோர்னியாவுக்கு மட்டும்தான், வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீயைத் தடுக்கக் காட்டுக்கே தீ வைக்கிறீங்களா? கேக்கவே வேடிக்கையா இருக்கே!

இங்கே மழை குளிர்காலத்தில்தான். அதில் வளரும் புல் ஜூன் மாதத்துக்குள் காய்ந்துவிடும். அதன்பிறகு அக்டோபர், சில வருடம் நவம்பர் வரைக்கும்கூட ஒரு சொட்டு மழை இருக்காது. சருகும் குச்சியும் மக்கிப்போக ஈரம் போதாததால் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். அதை ஒரு நாள் தீ தின்றே தீரும். எந்த நாளில், எவ்வளவு உயரத்தில் தின்னும் என்பது மட்டும் ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பு கலிஃபோர்னியாவில் வருடத்துக்குச் சுமார் 45 லட்சம் ஏக்கர் எரிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தரையோடு ஊர்ந்து போன தீ. அப்புறம் எல்லாத் தீயையும் அணைப்பதே கொள்கையாயிற்று. எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் அமெரிக்க வனத்துறை விதியே போட்டது. 2020-இல் இந்த மாநிலத்தில் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தபோது எல்லோரும் பதறினோம். பரப்பளவில் அது பழைய கணக்குதான். ஆனால் இந்த முறை பல இடங்களில் நெருப்பு மரங்களின் உச்சிவரை ஏறி, விதைக்கு ஒரு மரம்கூட மிச்சம் வைக்காமல் போனது.

நாங்கள் செய்வது, காற்றும் ஈரமும் ஒத்துழைக்கிற நாளாகப் பார்த்து, முழங்கால் உயரத் தீயை ஓர் எல்லைக்குள் நடத்திக்கொண்டு போவது.

கால்ஃபயர், வனத்துறை எல்லாம் இருக்காங்களே, சாதாரண ஆளுங்க எதுக்கு இதுல இறங்கணும்?

கால்ஃபயர் என்பது மாநிலத்தின் தீயணைப்புத் துறை. அரசு நிலத்தில் அவர்கள் எரிக்கிறார்கள். ஆனால் மலையடிவாரத்தில் வீடுகளுக்குப் பக்கத்தில் இருப்பதில் பெரும்பகுதி தனியார் நிலம்: மாட்டுப் பண்ணை, ஓக் தோப்பு, பத்து இருபது ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். இவர்களுக்குத் தனித்தனியாக வந்து எரித்துக் கொடுக்க எந்தத் துறைக்கும் ஆள் போதாது. ஒப்பந்தக்காரரை வைத்தால் செலவு கட்டுப்படியாகாது.

நெப்ராஸ்கா, ஓக்லஹோமா போன்ற சமவெளி மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் இதற்கு 1990-களிலேயே ஒரு வழி கண்டார்கள். இன்றைக்கு உன் நிலத்துக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம், அடுத்த மாதம் என் நிலத்துக்கு நீ வா என்பதுதான் ஏற்பாடு. இதே முறையில் கலிஃபோர்னியாவின் முதல் எரிப்புச் சங்கம் 2018-இல் ஹம்போல்ட் கவுன்டியில் தொடங்கியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணி ஆலோசகர்கள் முன்னின்று உதவினார்கள். இப்போது மாநிலம் முழுக்க 20-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. எங்கள் சங்கத்தில் மாடு வளர்ப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள், என்னைப் போல வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் உண்டு.

எரிக்காம, மெஷின் வச்சு வெட்டிடலாமே? ஆடு விட்டா போதாதா?

வெட்டவும் வேண்டும், ஆடும் நல்லது. வீட்டுக்குப் பக்கத்தில் ஆடுதான் சிறந்தது என்பேன். ஆனால் ஆடு தரையில் கிடக்கும் காய்ந்த ஊசியிலையைத் தின்னாது. மரத்தை வெட்டினால், வெட்டிய கிளைகள் எல்லாம் தரையில்தான் கிடக்கும். அதைக் குவித்து எரிக்கவோ அரைத்துப் பரப்பவோ வேண்டும். பரப்பினால் அது எங்கும் போய்விடுவதில்லை, எரிபொருள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

2021-இல் ஓரிகனில் பூட்லெக் தீ 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அதன் வழியில் சைகன் மார்ஷ் என்ற பாதுகாக்கப்பட்ட நிலம் இருந்தது. அங்கே சில பகுதிகளில் நெருக்கமான மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிட்டு, அதன்பின் திட்டமிட்டு எரித்தும் வைத்திருந்தார்கள். அந்தப் பகுதிகளுக்கு வந்ததும் தீ உச்சியிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. கலைத்து மட்டும் விட்ட இடங்களில் சேதம் அதைவிட அதிகம். அடர்ந்த காடு என்றால் முதலில் வெட்டு, பிறகு எரிப்பு. புல்வெளியும் திறந்த ஓக் தோப்பும் என்றால் பெரும்பாலும் நேராக எரிப்புக்கே போய்விடலாம்.

ஒரு எரிப்பு நாள்ல என்னதான் நடக்கும்? கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

வேலையில் பாதி அந்த நாளுக்கு முன்பே முடிந்திருக்கும். எரிக்கப்போகும் நிலத்தைச் சுற்றி, எரிகிற பொருள் எதுவும் இல்லாமல் வெறும் மண் தெரிய ஒரு கோடு வெட்டியிருப்போம். சாலையோ ஓடையோ இருந்தால் அதுவே எல்லை. தேசிய வானிலைச் சேவையிடம் அந்த இடத்துக்கென்றே தனி முன்னறிவிப்பு வாங்கியிருப்போம். எரிப்புத் திட்டத்தில் வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றுக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு எழுதியிருக்கும். உதாரணமாக ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதம், காற்று மணிக்கு 3 முதல் 10 மைல் என்பதுபோல.

காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து பர்ன் பாஸ், அதாவது அன்றைய எரிப்பை நடத்தும் பொறுப்பாளர், பேசுவார். வரைபடம், யார் எந்தப் பக்கம், ரேடியோ அலைவரிசை, தப்பிக்கும் வழி, பக்கத்து மருத்துவமனை, யாருக்காவது தேனீக் கடி ஒவ்வாமை உண்டா என்பது வரைக்கும் கேட்பார். கடைசியாக, 'இன்றைக்கு எரிக்க வேண்டாம் என்று யாருக்காவது தோன்றுகிறதா?' என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அது சடங்குக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. புதிதாக வந்தவர் கை தூக்கினாலும் நின்று பேசுவோம்.

பிறகு ஒரு மூலையில் சோதனைத் தீ, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில். அது எப்படி ஊர்கிறது, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, சரி என்றால்தான் தொடக்கம். காற்று வீசிப்போகும் பக்கத்து எல்லையில், அதாவது தீ ஓட நினைக்கும் பக்கத்தில், முதலில் பற்றவைப்போம். தீ காற்றை எதிர்த்து மெதுவாகப் பின்வாங்கி வரும். அங்கே கறுத்த பட்டை ஒன்று அகலமானதும், அதற்கு உள்ளே இன்னொரு வரிசை, பிறகு இன்னொரு வரிசை. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும் என்பதால் மேட்டிலிருந்து கீழே வருவோம். பற்றவைக்க டிரிப் டார்ச் என்ற கேன் இருக்கிறது. மூன்று நான்கு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல் கலந்து ஊற்றியிருக்கும். சாய்த்தால் எரியும் சொட்டுகளாக விழும். படம் எடுக்க எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் பெரும்பாலோர் டார்ச்சுக்கு முதுகைக் காட்டியபடி கோட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பொறி பறந்து அந்தப் பக்கம் விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

தீ அடங்கியபின் நீளமான, அலுப்பான கட்டம் வரும். கட்டை கட்டையாகப் புரட்டி, முதுகில் மாட்டிய பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, மண்ணோடு பிசைந்து அணைக்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்குச் சற்று மேலே காட்டி, சூடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவோம். வேருக்குள் புகுந்த கங்கு வெளியே தெரியாது. அதனால் மறுநாளும், தேவைப்பட்டால் அதற்குப் பின்னும் ஆள் போய்ப் பார்ப்பார்கள்.

எனக்கு எந்த அனுபவமும் இல்ல, நாற்பது தாண்டியாச்சு. வரலாமா? என்ன போட்டுட்டு வரணும்?

தாராளமாக. உங்கள் கவுன்டியின் பெயரோடு எரிப்புச் சங்கம் என்று தேடினால் கிடைக்கும். முதலில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போங்கள். அரசுத் துறைகளின் எரிப்பில் பங்கெடுக்கத்தான் வகுப்புகளும், 45 பவுண்டு சுமையோடு 3 மைலை 45 நிமிடத்தில் நடக்கும் உடற்தகுதித் தேர்வும் வேண்டும். சங்கங்கள் தனியார் நிலத்தில் செய்யும் எரிப்பில் ஒவ்வொருவருக்கும் முடிந்த வேலையைக் கொடுப்பார்கள். வானிலை அளப்பது, சாலையில் நின்று வண்டிகளை நிறுத்துவது, தண்ணீர் வண்டி ஓட்டுவது என்று நிறைய இருக்கிறது.

பாலியெஸ்டர், நைலான் எதுவும் உடம்பில் கூடாது. சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளாடை உட்பட எல்லாமே பருத்தியோ கம்பளியோதான். கணுக்காலுக்கு மேல் வரும் தோல் பூட்ஸ், தோல் கையுறை. தீ தாங்கும் சட்டையும் தலைக்கவசமும் பல சங்கங்கள் இரவல் தரும். அப்புறம் பாய்சன் ஓக்கை அடையாளம் காணக் கற்றுக்கொண்டு வாருங்கள். மூன்று மூன்றாக இலை விடும் செடி. தொட்டால் தோல் கொப்பளிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எரியும்போது அதன் எண்ணெய் புகையோடு நுரையீரலுக்குள் போகும் என்பது பலருக்குத் தெரியாது. அது இருக்கும் இடத்தில் புகைக்குள் நிற்காதீர்கள், எவ்வளவு வீரம் வந்தாலும்.

லீவு போட்டு ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன், கேன்சல்னு சொல்லிட்டாங்க. இது என்ன ஏற்பாடு?

நல்ல ஏற்பாடு. பெரும்பாலான எரிப்புகள் முதல் மழைக்குப் பிந்தைய இலையுதிர் காலத்திலும், குளிர்காலத்தின் உலர்ந்த நாட்களிலும், வசந்தத்திலும் நடக்கின்றன. இந்த நாட்களில் ஒரே வாரத்தில் ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும். திட்டத்தில் எழுதிய வரம்புக்கு வெளியே ஓர் எண் போனாலும் எரிப்பு கிடையாது. முப்பது பேர் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பர்ன் பாஸிடம் நான் போகமாட்டேன்.

தீ கை மீறிப் போயிடுச்சுன்னா?

போயிருக்கிறது. 2000-இல் நியூ மெக்சிகோவில் தேசியப் பூங்காத் துறை வைத்த தீ தப்பி, லாஸ் அலமோஸ் ஊரில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. 2022-இல் அதே மாநிலத்தில் இன்னும் மோசம். வனத்துறையின் ஒரு திட்டமிட்ட எரிப்பு ஏப்ரலில் எல்லை தாண்டியது. ஜனவரியில் குவித்து எரித்த ஒரு குவியல், பனிக்கு அடியிலேயே மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து ஏப்ரலில் வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 3,41,000 ஏக்கர். அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய தீ. அதன்பிறகு நாடு முழுக்க 90 நாளுக்கு வனத்துறை தன் எரிப்புகளை நிறுத்திவைத்தது.

தங்கள் எரிப்புகளில் 99.84 சதவீதம் திட்டப்படியே முடிகின்றன என்று அதே துறை சொல்கிறது. ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ தப்புகிறது என்று அர்த்தம். சங்கங்கள் எரிக்கும் இடங்கள் இவற்றைவிடச் சிறியவை, பெரும்பாலும் சில ஏக்கரிலிருந்து சில நூறு ஏக்கர் வரை. ஆபத்தே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மேலே சொன்ன புறங்கைச் சோதனையை நாங்கள் ஏன் விடாப்பிடியாகச் செய்கிறோம் என்பதற்கு அந்த ஜனவரிக் குவியலே போதும்.

அப்படிப் போயிட்டா, பணம் யார் கட்டுறது? வீட்டை வித்துத்தான் கட்டணுமா?

இந்தப் பயத்தில்தான் பல வருடம் யாரும் இதில் கை வைக்கவில்லை. முன்பெல்லாம் சாதாரணக் கவனக்குறைவு என்றாலே அணைப்புச் செலவை எரித்தவர் தலையில் கட்டலாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 332 என்ற சட்டம் இதை மாற்றியது. சான்று பெற்ற பர்ன் பாஸ் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்து, அனுமதிகள் எல்லாம் வாங்கி, அதன்படியே எரித்திருந்தால், படுமோசமான அலட்சியம் நிரூபணமானால் ஒழிய அணைப்புச் செலவைக் கேட்க முடியாது.

இது அணைப்புச் செலவுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டு வேலியும் கொட்டகையும் எரிந்தால் அது தனிக் கணக்கு. அதற்காக மாநிலம் 2 கோடி டாலரில் ஓர் இழப்பீட்டு நிதி வைத்திருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்த எரிப்புக்கு 20 லட்சம் டாலர் வரை தரும். அது சோதனை முயற்சியாகத் தொடங்கியது, அதனால் உங்கள் எரிப்பு அதில் பதிவாகியிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எங்க வீட்டுப் பின்னாடி ரெண்டு ஏக்கர் புல்லுதான். நானும் மச்சானும் ஒரு ஞாயித்துக்கிழமை கொளுத்திட்டா என்ன?

மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாது. தீயணைப்புத் துறையின் அனுமதி, காற்றுத் தர வாரியத்தின் அனுமதி, அன்றைக்கு எரிக்கலாம் என்ற அறிவிப்பு இவை இல்லாமல் வைத்தால் குற்றவழக்கே வரலாம். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகம் பார்த்தால்தான் தெரியும், மச்சானால் ஓடிப்பிடிக்க முடியாது. சங்கத்தைக் கூப்பிடுங்கள். இரண்டு ஏக்கர் சிறியது என்று யாரும் சிரிக்க மாட்டார்கள், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்த அளவுதான் தோது.

பையனுக்கு ஆஸ்துமா. நீங்க பாட்டுக்கு எரிச்சா புகையை யார் சுவாசிக்கிறது?

நியாயமான கோபம். எங்கள் ஆட்கள் சிலர் இதை 'நல்ல புகை' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. நுண்துகள் நுண்துகள்தான், அது எங்கிருந்து வந்தாலும்.

அளவில்தான் வித்தியாசம். 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பகல் முழுக்க வானம் ஆரஞ்சாக இருந்ததும், வாரக்கணக்கில் ஜன்னலைத் திறக்க முடியாமல் இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். திட்டமிட்ட எரிப்பின் புகை பெரும்பாலும் ஓரிரு நாளில் கலைந்துவிடும். 10 ஏக்கருக்கு மேல் என்றால் புகை மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். புகை மேலே ஏறிக் கலைகிற நாளில்தான் வாரியம் அனுமதிக்கும். அக்கம்பக்கத்தில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் எங்கள் வேலை. அப்படி யாரும் சொல்லவில்லை என்றால் சங்கத்துக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடியுங்கள், தப்பில்லை. எரிப்பு நாளில் பையனை வீட்டுக்குள் வைத்து, காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிடுங்கள்.

முயல், பாம்பு, குஞ்சுப் பறவை எல்லாம் பாவமில்லையா?

தீ மெதுவாக ஊர்வதால் பெரும்பாலானவை நகர்ந்துவிடும், அல்லது வளைக்குள் போய்விடும். சில இஞ்ச் மண்ணுக்கு அடியிலேயே சூடு பெரிதாக இருக்காது. எரிக்காத திட்டுகளையும் வேண்டுமென்றே விடுவோம். உண்மையான சிக்கல் வசந்தகாலக் கூடுகள். அந்தப் பருவத்தில் எரிப்பதானால் முன்பே நடந்து பார்த்துக் கூடு இருக்கும் இடத்தை ஒதுக்க வேண்டும். சேதமே இராது என்று சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் புதுசா யாரோ விஞ்ஞானி கண்டுபிடிச்சதா?

இல்லை. கிளாமத் ஆற்றங்கரையின் கரூக், யூரோக் மக்கள் பல தலைமுறைகளாகச் செய்தது இது. ஓக் மரத்தடியில் எரித்தால் பூச்சி விழுந்த கொட்டைகள் புழுவோடு அழியும், அடுத்த வருட விளைச்சல் சுத்தமாக இருக்கும். ஹேசல் புதரை எரித்தால் அடுத்து வளரும் தளிர்கள் கூடை முடைய ஏற்றபடி நேராக, வளைந்து கொடுக்கும்படி வரும். உணவு, கைத்தொழில், காட்டுப் பாதுகாப்பு எல்லாமே அந்த ஒரு தீயில் அடக்கம்.

1850-இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த முதல் சட்டங்களில் ஒன்று இதற்குத் தண்டனை வைத்தது. அதன்பிறகு தன் பாட்டன் செய்ததைச் செய்தவர்கள் தீவைப்புக் குற்றவாளிகள் ஆனார்கள். இப்போது மாநிலச் சட்டத்தில் பழங்குடி மரபு எரிப்புக்குத் தனி இடம் வந்திருக்கிறது. நாங்கள் ஏதோ புதுமை செய்வதுபோலப் பேசும்போது அவர்களில் சிலருக்கு எரிச்சல் வருவதில் ஆச்சரியமில்லை. அவர்கள் நடத்தும் எரிப்புக்குக் கூப்பிட்டால் போங்கள், சொன்னதைச் செய்யுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

லாஸ் ஏஞ்சலஸ்ல இதைச் செஞ்சிருந்தா 2025 ஜனவரி தீ வந்திருக்காதுல்ல?

வந்திருக்கும். அங்கே மலையில் இருப்பது சப்பரல் என்ற புதர்க்காடு. அது இயல்பாகவே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை முழுசாக எரிந்து தளிர்க்கிற வகை. அடிக்கடி எரித்தால் புதர் செத்து, அந்த இடத்தில் அயல்நாட்டுப் புல் வரும். புல் இன்னும் எளிதாகப் பற்றும். நிலைமை மோசமாகும். பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களைத் தள்ளிக்கொண்டு போனது பாலைவனத்துப் பக்கமிருந்து வீசிய புயல்காற்று. பொறிகள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவின.

முதல் கேள்விக்குச் சொன்னது ஊசியிலைக் காடு, ஓக், புல்வெளிக்குத்தான் பொருந்தும். புதர்க்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் காசையும் உழைப்பையும் வீட்டில் போடுவதுதான் மேல். பொறி புகாத காற்றுத் துளை வலை, கூரைத் தாழ்வாரச் சருகைக் கூட்டுவது, சுவரை ஒட்டிய 5 அடிக்குள் செடியோ மரப்பட்டைத் தூளோ இல்லாமல் வைப்பது.

எரிச்சா இன்சூரன்ஸ் குறையுமா?

எரிப்புக்காக நேரடியாகக் குறைத்ததாக எங்கள் சங்கத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை. மேலே சொன்ன வீட்டுப் பாதுகாப்பு வேலைகளுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒருதடவை எரிச்சா எத்தனை வருஷம் தாங்கும்?

புல்வெளி அடுத்த மழையிலேயே முளைத்துவிடும். ஆனால் முள்ளும் களையும் குறைந்த புல்லாக முளைக்கும். ஓக் தோப்பில் சில வருடம் தாங்கும். நூறு வருடச் சருகு சேர்ந்த காட்டில் முதல் எரிப்பே சில சிறு மரங்களைக் கொன்று, அவை விழுந்து புதிய விறகாகும். இரண்டாவது, மூன்றாவது எரிப்பில்தான் காடு வழிக்கு வரும். ஒருமுறை எரித்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

நம்ம ஊர்லயும் இதைச் செய்யலாமே? குரங்கணி மாதிரி நடக்காம இருக்குமில்ல?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் இறந்தபின் இந்தக் கேள்வி எல்லோருக்கும் வருகிறது. ஆனால் அங்கே தனியாள் காட்டுக்குத் தீ வைப்பது குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமே நேரடியாகத் தடுக்கிறது. கோடைக்கு முன்பு தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி எரித்து வைப்பது வனத்துறையின் வேலை.

மரபு அங்கேயும் இருந்தது. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகைத் தரைத்தீயாக எரித்துவந்தார்கள். 1970-களில் அது சரணாலயமான பிறகு அந்தப் பழக்கம் நின்றது. உண்ணிச்செடி இப்படி மண்டியதற்கு அதுதான் காரணம் என்று அவர்களின் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் சிலர் அதை ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் தீயே உண்ணியைப் பரப்புகிறது என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மலையில் என்ன செய்வது என்று முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் சோளிகர்கள்தான். கலிஃபோர்னியாவில் நாலு எரிப்புக்குப் போய்வந்த நாம் அங்கே போய்ப் பாடம் எடுக்க முடியாது. அதோடு, லீவில் ஊருக்குப் போகும்போது தோப்பு ஓரத்துச் சருகைக் கொளுத்திக் காட்டும் ஆசை வந்தால் அதையும் அடக்கிக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை வெயில் எந்தத் திட்டத்தின் வரம்புக்குள்ளும் வராது.